வேலைக்கும் வகுப்புக்கும் நடுவில்: ஒரு ஸ்காபரோ நாட்குறிப்பு

செப்டம்பர் 4, 2024

இன்று வயதுவந்தோருக்கான உயர்பள்ளியில் பெயர் பதிந்தேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு நின்ற படிப்பு, சாதாரண தரப் பரீட்சைகூட எழுதவில்லை. கனடாவுக்கு வந்து பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) பயிற்சி எடுத்து முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆர்.பி.என். (ப்ராக்டிக்கல் நர்சிங் படித்துப் பதிவுபெற்ற) தாதியாக வேண்டும், அதுதான் எண்ணம்.

ஒன்ராறியோவில் 12ஆம் வகுப்புச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் வேண்டும், ஒவ்வொன்றும் 110 மணிநேரப் படிப்பு. இந்தக் கணக்கைக் கேட்டவுடனேயே எங்கள் ஆட்களில் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் வயதுவந்தவர்கள் 30ஐயும் வகுப்பில் இருந்து எடுக்கத் தேவையில்லை. ப்ளார் என்று, முன்பே கற்றதைக் கணக்கில் எடுத்துக் கிரெடிட் தரும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 9ஆம், 10ஆம் வகுப்புகளுக்கு 16 கிரெடிட் வரை அதில் தரலாம். 11, 12ஆம் வகுப்புகளுக்கு, வேறு நாட்டில் படித்தது, வேலை அனுபவம், எடுத்த பயிற்சிகள் எல்லாம் பார்த்து 10 வரை தரலாம். குறைந்தது நான்கையாவது இங்கே படித்துத்தான் எடுக்கவேண்டும்.

ஆலோசகரிடம் போகும்போது என்னிடம் ஊர்ப் பள்ளிக்கூடக் கடதாசி ஒன்றுமே இருக்கவில்லை. தேர்ச்சி அறிக்கை எல்லாம் எங்கே போனதோ. "இல்லாவிட்டால் பரவாயில்லை, தெரிந்ததைச் சோதித்துப் பார்க்கலாம்" என்றார்.

செப்டம்பர் 11

வேலையிடத்தில் ஒரு அண்ணா சொன்னார்: "ஏன் தங்கச்சி மினக்கெடுகிறீர், 19 வயது தாண்டினால் மெச்சூர் ஸ்டூடன்ட் என்று நேரே காலேஜுக்கு விண்ணப்பிக்கலாமே." உண்மைதான், விண்ணப்பிக்கலாம். ஆனால் ப்ராக்டிக்கல் நர்சிங்குக்கு 12ஆம் வகுப்பு ஆங்கிலத்தோடு கணிதம், உயிரியல், இரசாயனவியலும் கேட்கிறார்கள், மெச்சூர் ஸ்டூடன்ட்டாகப் போனாலும் பெரும்பாலும் அதை விடமாட்டார்கள். எப்படியும் அந்தப் பாடங்களைப் படிக்கத்தானே வேண்டும், சான்றிதழோடு முடித்துவிடுகிறேன். வேறொருவர், பள்ளிச் சான்றிதழுக்குச் சமமான ஜி.ஈ.டி. பரீட்சையை எழுதச் சொன்னார். அது கனடாவில் 2024 மே மாதத்தோடு நின்றுவிட்டது, இப்போது அதற்குப் பதிலாக சி.ஏ.ஈ.சி. என்று ஐந்து பரீட்சைகள். பாடங்கள் தேவையில்லாமல் 12ஆம் வகுப்புக்குச் சமமான தகுதி மட்டும் வேண்டுமென்றால் அது நல்ல வழி. எனக்குப் பொருந்தாது.

செப்டம்பர் 20

மதிப்பீடுகள் முடிந்தன. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், கனடாவின் புவியியல். கணிதத்தில் சமன்பாடுகளைப் பார்த்ததும் கை தானாக ஓடியது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் சேரின் சோக்கட்டிச் சத்தம் காதில் கேட்டமாதிரி இருந்தது. புவியியலுக்கு இரவுகளில் இருந்து படித்தேன்.

அக்டோபர் 16

ஆங்கிலக் கட்டுரை திரும்பி வந்தது. ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால் நன்மை இது, தீமை இது, முடிவாக இரண்டும் உண்டு என்று எழுதத்தான் நாங்கள் பழகியவர்கள். அப்படித்தான் எழுதினேன், மொழியில் பெரிதாகத் திருத்தமும் இல்லை. ஆனால் ஓரத்தில் மிஸ் எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் எங்கே?" இங்கே முதல் பந்தியிலேயே ஒரு பக்கம் எடுத்து, இதுதான் என் வாதம் என்று சொல்லிவிட்டு, மிச்சம் முழுக்க அதை நிறுவவேண்டும்.

அப்படியென்றால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் என்று தலைப்பை மாற்றிக் கேட்டேன். 2021ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு இலக்கு இருக்கிறது: 2025 மார்ச் 31க்குள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணிநேர நேரடிப் பராமரிப்பு. மாகாணம் முழுவதற்குமான சராசரி அது, தாதிமாரின் நேரத்தையும் எங்கள் நேரத்தையும் சேர்த்துத்தான். என் வாதம், சராசரி போதாது என்பது. விழுங்கக் கஷ்டப்படும் ஒரு அம்மாவுக்குச் சாப்பாடு கொடுப்பது ஒவ்வொரு கரண்டியாக, நிமிர்த்தி இருத்தி, ஒரு வாய் இறங்கினதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுக்கலாம், அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். அந்த நேரத்தை எந்தச் சராசரி காட்டும்? வேலையால் வந்து இரவு ஒரு மணி வரை எழுதினேன், நிறுத்த மனம் வரவில்லை.

அக்டோபர் 24

மிஸ் அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். சிரியாவில் இருந்து வந்த ஒரு பெரியவர் தன் தாயைப் பற்றி நிறையக் கதைத்தார். வகுப்பில் யாருக்கும் எழும்ப மனமில்லை.

டிசம்பர் 5

இரண்டாவது பருவம், இரசாயனவியல். எங்கள் பள்ளியில் ஒரு பருவம் சுமார் ஒன்பது வாரம், ஒரு வருடப் பாடம் அதற்குள் முடிகிறது. ஒரு வகுப்பு தவறினால் பிடிப்பது கஷ்டம்.

இன்று மூல் (இரசாயனவியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) கணக்கு. புத்தகத்தில் இருந்த கணக்கு: ஒரு லீற்றர் கரைசலில் 9 கிராம் சோடியம் குளோரைட்டு, செறிவு என்ன? 9ஐ, அந்த உப்பின் ஒரு மூலுக்கான கிராம் கணக்கான 58.44ஆல் வகுத்தேன், 0.154 மூல் வந்தது. அப்படியே இருந்துவிட்டேன். இது சேலைன், நாளத்தில் ஏற்றும் உப்புக் கரைசல்! ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு நாளும் பார்த்த பை, அதில் 0.9 சதவீதம் என்றும் சோடியம் 154 மில்லிமூல் என்றும் அச்சடித்திருக்கும். அந்த 154 எங்கிருந்து வருகிறதென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை. இன்று என் கையாலேயே வந்தது. மார்க் ஒன்றும் இல்லாத பயிற்சிக் கணக்குத்தான், ஆனாலும் மேசையில் தட்டிவிட்டேன், பக்கத்தில் இருந்த பிள்ளை பயந்துபோனாள்.

ஜனவரி 22, 2025

சான்றிதழுக்கு வேண்டிய எழுத்தறிவுத் தேர்வு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் அந்தப் பரீட்சையை வயதுவந்தவர்கள் எழுதத்தான் வேண்டும் என்றில்லை, அதற்குப் பதிலாக ஒரு பாடமாக எடுக்கலாம், அதில் கிரெடிட்டும் கிடைக்கும். நான் அப்படித்தான் பதிந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குள்ள 40 மணிநேரத் தொண்டுச் சேவை எங்களுக்கு எவ்வளவு என்பதை அதிபர் தீர்மானிப்பார்.

அடுத்தது உயிரியல். அது காலை வகுப்பு, என் மாலை ஷிஃப்ட் மூன்று மணிக்கு, இடையில் இரண்டு பஸ். மேலதிகாரியிடம் புதன்கிழமைகளில் நாலு மணிக்கு வரலாமா என்று நாளைக்குக் கேட்கப்போகிறேன்.