எட்டு லைட்டும் எரிந்தது, நெட் மட்டும் ஒழுங்காக வரவில்லை

கல்லடியில் எங்கள் வளவு ஒடுங்கலும் நீளமுமானது. ரவுட்டரில் இருந்து பின் கொட்டிலுக்கு லான் கேபிள் இழுக்க 40 மீற்றர் தேவைப்பட்டது, அதுவும் கிணற்றடி மோட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேபிளுக்குள் எட்டு வயர், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடி. முதல் ஞாயிறு இரண்டு முனையிலும் கிளிப் (ரவுட்டரில் செருகும் பிளக்) அடித்தேன். செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி என்று வடிவாக அடுக்கி, இரண்டு முனையும் ஒரே மாதிரி. வயருக்கு ஒரு லைட் காட்டும் கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் ஒழுங்காக எரிந்தன. மச்சான், "கேபிள் சரிதானே, உன்ட லெப்டப்பில்தான் பிழை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் வேகம் 100 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை, மோட்டர் போட்டால் பிங்கும் (ரவுட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அறுந்து அறுந்து வந்தது.

பிழை என் அடுக்கில்தான். கிளிப்பின் எட்டுக் கால்களில் 3ஆம், 6ஆம் கால்களுக்குப் போகும் வயர் இரண்டும் ஒரே முறுக்குச் சோடியாக இருக்க வேண்டும். நான் 3இல் பச்சையில் பாதியையும் 6இல் நீலத்தில் பாதியையும் கொடுத்திருந்தேன். டெஸ்டருக்குத் தொடர்பு இருந்தால் போதும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முறுக்கிய இரண்டு வயரும் மாறி மாறி மோட்டர் பக்கம் வருவதால் இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக ஏறும், மறுமுனை வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது கழிந்துவிடும். 1881இலேயே கிரகாம் பெல் தொலைபேசி வயருக்கு இந்த முறுக்கைக் காப்புரிமை எடுத்துவிட்டார், நான் ஒரு ஞாயிறைத் தொலைத்துத்தான் படித்தேன்.

அடுத்த ஞாயிறு நீலத்தை 4, 5க்கும் பச்சையை 3, 6க்கும் மாற்றி அடித்ததும் வேகம் கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) ஏறியது. முன்பு வயர் நுழைக்கச் சுகமாக இருக்கட்டும் என்று ஆறேழு சென்ரிமீற்றர் முறுக்கை அவிழ்த்திருந்தேன், இம்முறை 13 மில்லிமீற்றருக்குள். மிச்சத் துண்டில் ஓரடி உரித்து எண்ணிப் பார்த்தால் நான்கு சோடிக்கும் நான்கு விதமான முறுக்கு. ஒரே அளவாக இருந்தால் ஒரு சோடியின் சிக்னல் பக்கத்துச் சோடியில் ஏறிவிடுமாம்.

முறுக்கு மட்டுமல்ல, வயரின் தடிப்பும் முக்கியம் என்பது கமராவால் தெரிய வந்தது. அதற்கு மலிவுக் கேபிள் ஒன்று தனியாக இழுத்து, சும்மா கிடந்த இரண்டு சோடியில் 12 வோல்ட் கொடுத்தேன். பகலில் நல்லா ஓடும், இரவில் கமராவின் லைட் எரிந்ததும் கமரா அணைந்து அணைந்து எழும்பும். தூர முனையில் இரண்டு வயரைச் சேர்த்து மல்டிமீற்றரில் அளந்தால் 11 ஓம். அரை மில்லிமீற்றர் செப்பாக இருந்தால் 7 அளவில் வந்திருக்க வேண்டும். பிளேட்டால் சுரண்டினேன்: மேலே செப்புப் பூச்சு, உள்ளே வெள்ளை அலுமினியம். வெளி உறை தடிப்பாக இருந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். ஆனாலும் படம் தெளிவாகத்தான் வந்தது, ஏனென்றால் சிக்னல் போல வேகமாகத் துடிக்கும் மின்னோட்டம் வேறு மாதிரி: 100 மெகாஹேர்ட்ஸில் (செக்கனுக்குப் பத்துக் கோடி துடிப்பு) அதன் பெரும்பகுதி மேற்தோலில், ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஆழம்கூடப் போகாமல்தான் ஓடுகிறது. 12 வோல்ட் அப்படியில்லை, அதற்கு முழு வயரும் வேண்டும்.

வருகிற ஞாயிறு செப்புக் கேபிள் வாங்க வேண்டும். பழையதின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் கூரைக்குள் திரும்ப ஏறத் தேவையில்லை.