போட்டோஷாப்பில் துருப்பிடித்த இரும்பு: பயிற்சி வீடியோக்கள் சொல்லாமல் விட்டவை

ஒரு வழியாக அட்டை அச்சுக்குப் போய்விட்டது. நாவலின் தலைப்பு, பெயின்ட் உரிந்து துரு ஏறிய பழைய இரும்புத் தகட்டில் வெட்டியெடுத்தது போல இருக்க வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். இதே வேலையில் இறங்குபவர்கள் என்னைப் போல அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் சிக்கல் லைட்டிங் எஃபெக்ட்ஸ். மேடு பள்ளம் காட்ட அந்த ஃபில்டர்தான் உயிர். மெனுவில் அது மங்கலாகவே இருந்தது, கிளிக் ஆகவில்லை. கணினிக் கடையில் கேட்டால், "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்று விலையே சொல்லிவிட்டார்கள். கார்டில் ஒரு கோளாறும் இல்லை. பதிப்பகத்திலிருந்து வந்த அட்டை ஃபைல் சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சுக்கான நான்கு மை நிற முறையில் இருந்தது, அவ்வளவுதான். இந்த ஃபில்டர் 8-பிட் ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிற முறை) மட்டுமே வேலை செய்யும். காசைக் கொடுக்கும் முன் இமேஜ் மெனுவில் மோட் என்ன என்று பாருங்கள். டெக்ஸ்சர் வேலை முழுவதையும் ஆர்ஜிபியில் முடித்துவிட்டு, கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், இலவச துரு டெக்ஸ்சர்கள், அதாவது துருப் பரப்பின் படங்கள். அழகான ஒரு படத்தை இறக்கி, பாதி வேலை முடிந்த பிறகு பதிப்பாளர் உரிமம் கேட்டார். இறக்கிய பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருந்தது. விற்பனைக்குப் போகும் புத்தகத்தில் அதை வைக்க முடியாது. அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு, தெருவில் ஒரு பழைய கடையின் ஷட்டரையும் இரும்பு கேட்டையும் போனில் படமெடுத்தேன். மேகமூட்டமான நேரத்தில் எடுங்கள். வெயில் நிழல் விழுந்த படத்தில் நாம் தனியாக ஒளி சேர்க்கவே முடியாது.

அடிப்படைத் தகடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சாம்பல் நிறம், ஆட் நாய்ஸ் (புள்ளி தூவ), மோஷன் பிளர் (அதைக் கோடாக இழுக்க), மேலே கிளவுட்ஸ் (மேகம் போன்ற திட்டுகள்). ஆனால் பயிற்சி வீடியோக்களில் சொல்லும் எண்கள் 800 பிக்சல் அகலப் படத்துக்கானவை. டெமி அளவு (5.5 x 8.5 அங்குலம்) அட்டை, 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 1650 x 2550 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்குள் கிட்டத்தட்ட 12 பிக்சல் அடங்கிவிடும். ஒரு பிக்சல் நாய்ஸ் திரையில் சொரசொரப்பாகத் தெரியும். தாளில் காணாமல் போகும். மூன்றில் ஒரு பங்கு அளவில் தனி ஃபைலில் நாய்ஸ் போட்டு, பெரிதாக்கி, லெவல்ஸில் கருப்பு வெள்ளை வேறுபாட்டை இறுக்கிய பிறகுதான் தாளில் தகடு தகடாகத் தெரிந்தது. மோஷன் பிளர் ஓரங்களில் கோடு கோடாக இழுத்துவிடும். கேன்வாஸை அகலமாக வைத்துப் பிறகு வெட்டுங்கள்.

இனி துரு. கிளவுட்ஸை அப்படியே மல்டிப்ளையில் (கீழ் லேயரை இருட்டாக்கும் கலப்பு முறை) போட்டால் அழுக்குத் துணி மாதிரிதான் வரும். துரு கண்ட இடத்தில் வராது. தண்ணீர் தேங்கும் இடத்தில் பிடிக்கும்: ஆணித்தலையைச் சுற்றி, மடிப்பில், கீழ் விளிம்பில், பெயின்ட் கீறிய இடத்தில். அங்கிருந்து நேர் கீழாக வழியும். ஷட்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. துரு லேயருக்கு மாஸ்க் போட்டு மறைத்து, இந்த இடங்களில் மட்டும் கரடுமுரடான பிரஷ்ஷால் திறந்தேன். பிறகு பிளெண்ட் இஃப், அதாவது கீழ் லேயரின் வெளிச்சம், இருட்டைப் பொறுத்து மேல் லேயரைக் காட்டும் வசதி. அதில் கீழ் லேயருக்கான வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிரித்து இடப்பக்கம் இழுத்தால், தகட்டின் இருண்ட பள்ளங்களில் மட்டும் துரு இறங்கும். எனக்கு முழு மகிழ்ச்சி தந்த நிமிடம் அதுதான். செம்பழுப்புத் துரு இரும்புக்கு மட்டுமே. செம்பு பச்சை படியும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடிதான் வரும். விமான உடலில் செந்துரு பூசிய போஸ்டரைப் பார்த்தால் மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது.

எழுத்தைப் புடைப்பாகக் காட்டும் பெவல் எம்பாஸின் ஒளிக் கோணமும் லைட்டிங் எஃபெக்ட்ஸின் ஒளியும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். மாறினால் இரும்பு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

கடைசி அடி அச்சகத்தில். மாதிரி அச்சில் துருவின் இருண்ட பகுதியெல்லாம் ஒரே கருப்பாக அப்பிக்கிடந்தது. கேட்டால், "உங்க ஃபைலே அப்படித்தான் சார்" என்றார்கள். நான்கு மைகளின் கூட்டுத்தொகை அளவு மீறியிருந்தது. பல அச்சகங்கள் 300 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். அவர்களுடைய கலர் புரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டுக் கேட்டு வாங்கி, அதற்கு மாற்றி, இன்ஃபோ பேனலில் மொத்த மை அளவை இடம் இடமாகப் பார்த்துக் குறைத்தேன். கண்ட்ரோல் ஒய் அழுத்தி அச்சு நிறத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சுத் துரு முதலில் மங்கும். அடுத்த மாதிரியில் உரிந்த பெயின்ட்டின் விளிம்பு வரைக்கும் துல்லியமாக விழுந்தது.

லேயர்களோடு கூடிய ஆர்ஜிபி ஃபைலைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அச்சு முடிந்த கையோடு, இணைய விளம்பரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.