பப் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுதல்

இங்கிலாந்தில் வாரத்தின் நடுவே ஏதாவதொரு பப்புக்குள் இரவு எட்டு மணிக்கு நுழைந்தால், மேசைக்கு நான்கைந்து பேராகக் கூடிக் குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு தணிந்த குரலில் விவாதித்துக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். அது வினாடி வினா இரவு. 1970களில் பரவலாகத் தொடங்கிய இந்த வழக்கம் இன்று அந்த நாட்டின் ஊர்ப்பழக்கங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. நான் குடியிருக்கும் ஊரின் பப்பிலும் இது நடக்கிறது. பொது அறிவுச் சுற்றுக்குக் கேள்விகளை எழுதித் தரும் பொறுப்பு அவ்வப்போது என்னிடம் வருகிறது.

பொது அறிவுக் கேள்வி எழுத நிறையத் தகவல் தெரிந்திருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தகவல் எளிதாகக் கிடைக்கிறது. கேள்வியின் சொற்களைச் செதுக்குவதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. கேட்கப்படும் அந்த இரவில் அது உண்மையாக இருக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும், விடை நினைவில் இல்லாதவரும் யோசித்து அதை எட்டுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய கேள்வி ஒன்று அமைந்தால் அன்றைய வேலை பாதி முடிந்தது என்பேன்.

‘உலகின் மிக உயரமான மலை எது?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளையும் எவரெஸ்ட் என்று சொல்லிவிடும். சீனாவும் நேபாளமும் சேர்ந்து 2020இல் அறிவித்த அளவின்படி அதன் உயரம் 8,848.86 மீட்டர். ஆனால் அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரிகிறது என்றாலும், கடலடியில் இருக்கும் அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எது என்று கேட்டாலோ விடை ஈக்வடார் நாட்டின் சிம்பராசோ. அதன் உயரம் 6,263 மீட்டர் மட்டுமே. ஆனால் பூமி சரியான உருண்டையாக இல்லாமல் நடுப்பகுதியில் புடைத்திருப்பதால், நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். சிம்பராசோ நிலநடுக்கோட்டை ஒட்டி நிற்பதால் அந்தப் புடைப்பு முழுவதும் அதன் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. ‘கடல் மட்டத்திலிருந்து’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால், புவியியல் படித்த ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்வார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

வெள்ளிக் கோளைப் பற்றிய கேள்வியில் இன்னும் நுணுக்கமான சிக்கல் உண்டு. எந்தக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது என்று பல கேள்வித் தொகுப்புகளில் இருக்கிறது. வெள்ளி தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 243 புவி நாட்களும், சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 225 நாட்களும் ஆகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோள் மற்றப் பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே 117 புவி நாட்கள்தான். நாள் என்பதை நாம் உதயத்திலிருந்து உதயம் வரை என்று புரிந்துகொள்பவர்கள் ஆயிற்றே. ஆகவே ‘தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள எடுக்கும் காலம்’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கேள்வி சற்று நீண்டுபோனாலும் பரவாயில்லை.

காலத்தோடு மாறும் விடைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மிக அதிகமான நிலவுகளைக் கொண்ட கோள் எது என்ற கேள்விக்கு, 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சில மாதங்கள் வியாழன் என்பதே சரியான விடையாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சனி மீண்டும் முந்திக்கொண்டது; 2025 மார்ச்சில் மேலும் 128 நிலவுகள் ஏற்கப்பட்டுச் சனியின் எண்ணிக்கை 274 ஆனது. கசகஸ்தானின் தலைநகரம் அஸ்தானா என்றிருந்து, 2019இல் நூர்சுல்தான் ஆகி, 2022இல் திரும்பவும் அஸ்தானா ஆயிற்று. பழைய கேள்விப் புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதுபவர்கள் இத்தகைய இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

யோசித்து எட்டும் வழி என்று நான் சொன்னதற்கு ஓர் உதாரணம் காட்ட வேண்டும். ‘கடல் கடந்த ஆட்சிப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், மிக அதிகமான நேர மண்டலங்களைக் கொண்ட நாடு எது?’ என்று ஒரு முறை எழுதியிருந்தேன். பெரும்பாலான மேசைகளில் உடனே ரஷ்யா என்று எழுதிப் பேனாவை வைத்துவிட்டார்கள். சுவரோரமாக இருந்த மேசையில் மட்டும் பேச்சு ஓயவில்லை. கடல் கடந்த பகுதிகள் என்று கேள்வியில் ஏன் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டார். அப்படியானால் பிரிட்டனாக இருக்கலாமே என்றார் இன்னொருவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தாம் சேர்த்து வைத்திருக்கும் தபால்தலைகளை நினைவுபடுத்திக்கொண்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்: பசிபிக்கில் பிரெஞ்சு பொலினீசியா, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா, இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன், கரீபியனில் மார்த்தினிக், தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, கனடாவின் கரையோரம் ஒரு குட்டித் தீவுக் கூட்டம். பொலினீசியா ஒன்றுக்குள்ளேயே மூன்று நேரங்கள் உண்டு என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரான்ஸ் என்று எழுதினார்கள். பிரான்ஸுக்கு 12, ரஷ்யாவுக்கு 11. அந்த மேசையில் யாருக்கும் விடை முன்கூட்டித் தெரியாது. ஆளுக்கொரு துண்டாக இருந்த அறிவைச் சேர்த்துக் கட்டினார்கள். நான்கு பேர் சேர்ந்து விளையாடும் ஆட்டத்தின் சுகமே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியாக ஒருவருக்கு நினைவில் இருக்கும் அல்லது இருக்காது என்ற வகைக் கேள்விகளை, உதாரணமாக ஆண்டை மட்டும் கேட்கும் கேள்விகளை, நான் மிகக் குறைவாகவே சேர்ப்பேன்.

விடையைப் படிக்கும்போது காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் சிட்னி என்று எழுதித் தோற்றவர்களிடம், சிட்னியும் மெல்பர்னும் விட்டுக்கொடுக்காமல் போட்டியிட்டதால் இடைப்பட்ட ஓரிடம் 1908இல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், நாடாளுமன்றம் 1927இல்தான் கான்பெராவுக்குக் குடிபெயர்ந்தது என்றும் சொன்னால், மதிப்பெண் போனாலும் கையில் ஒன்று மிஞ்சுகிறது.

உண்மையைச் சரிபார்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கரின் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. துணுக்குத் தகவல்களைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் வெளியிட்ட அவர், யாராவது தம் புத்தகத்திலிருந்து நகலெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ஃபிலிப் என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரு கனடியர்கள் 1979இல் உருவாக்கிய ‘டிரிவியல் பர்சூட்’ என்ற வினாடி வினா விளையாட்டின் கேள்வி அட்டையில் அந்தப் பொய் அப்படியே வந்து நின்றது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வொர்த் வழக்குத் தொடுத்தார். அவருடைய புத்தகத்தைப் பயன்படுத்தியதை எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை. ஆனால் தகவல்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இருக்கட்டும். அந்த அட்டையை நம்பி எத்தனை வீடுகளில் ஃபிலிப் என்றவருக்கு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்! விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும் என்பதும் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த பொய்தான். 2003இல் விண்ணுக்குச் சென்ற சீன வீரர் யாங் லீவேய் தமக்கு அது தெரியவில்லை என்று சொன்ன பிறகும் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் பார்த்து உறுதி செய்யாத எதையும் நான் கேள்வித்தாளில் ஏற்றுவதில்லை.

பப்பில் எழும் வாக்குவாதத்துக்கு நம்பத்தக்க ஒரு தீர்ப்பு வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் கின்னஸ் சாதனைப் புத்தகமே பிறந்தது. 1951இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் வேட்டைக்குப் போயிருந்த கின்னஸ் மது ஆலையின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவருக்கு, ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் வேகமானது எது என்ற தர்க்கத்துக்கு எந்த நூலிலும் விடை கிடைக்கவில்லை. நாடு முழுவதும் பப்புகளில் ஒவ்வோர் இரவும் இப்படித்தானே வாதாடிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிய அவர், நாரிஸ், ராஸ் என்ற மக்வெர்ட்டர் இரட்டையர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். முதல் பதிப்பு 1955இல் வெளிவந்தது.

சமநிலையில் முடிந்தால் கேட்பதற்கு எண்ணை விடையாகக் கொண்ட கேள்வி ஒன்றை எப்போதும் தனியாக வைத்திருப்பேன். ஈஃபில் கோபுரத்தின் உயரம் அதற்கு ஏற்றது: உச்சியில் புதிய ஆண்டெனா பொருத்தப்பட்ட 2022 முதல் அது 330 மீட்டர், அதற்கு முன் 324. கோடை வெயிலில் இரும்பு விரிந்து சில சென்டிமீட்டர் கூடுவதால், ஆண்டெனாவையும் சேர்த்து, முழு மீட்டரில் என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு அணிகளும் தனித்தனித் தாளில் எழுதித் தர, 330க்கு அருகில் வருபவர்களுக்கே வெற்றி.