3,000 மில்லிமீட்டர் வாக்குறுதி

“ஈரம் இருக்கத்தானே செய்யும், இது சிங்கப்பூர்” என்று கடைக்காரர் சொன்ன பதில், கூடாரம் ஒழுகியதைவிட என்னை அதிகம் சுட்டது. உறையில் ‘நூறு விழுக்காடு நீர் புகாது, 3,000 மி.மீ.’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டி விற்றவரும் அவர்தான்.

பாசிர் ரிஸ் பூங்காவில் முறையாக அனுமதி பெற்றுக் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். விடியலுக்குச் சற்று முன்பு சுமத்ரா காற்று மழையோடு இறங்கியது. கைவிளக்கை உயர்த்திப் பார்த்தேன். கூரைத் துணி நனையவே இல்லை. தையல் ஓடிய வரிசையில்தான் ஊசித் துளைக்கு ஒரு முத்தாக நீர் கோத்து, ஒவ்வொன்றாகப் போர்வையில் உதிர்ந்துகொண்டிருந்தது. “அப்பா, வெளியில மழை விட்டுருச்சு, உள்ள இன்னும் விடல” என்றான் மகன். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்த எண் பொய்யன்று. எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்று சோதனைச்சாலையில் அளந்து சொல்லும் கணக்கு அது. ஆனால் அங்கே சோதிக்கப்படுவது தையலற்ற துணித் துண்டு. தையலின் உட்புறத்தில் நீர்த்தடுப்புப் பட்டை ஒட்டாத கூடாரத்துக்கு அந்த எண்ணைச் சூட்டி விற்பது, வாங்குபவரை ஏய்ப்பதே. போதாக்குறைக்கு, நீர் புகாமலிருக்கத் துணியில் பூசும் பாலியூரித்தேன் பூச்சு இந்த ஈர வெப்பத்தில் நாளடைவில் பிசுபிசுத்து உரியக்கூடியது. அதைப் பற்றி உறையில் ஒரு வரியும் இல்லை.

இந்த ஊர் மழை எனக்குப் பழகிவிட்டது. பையில் குடையில்லாமல் வெளியே இறங்குவதில்லை. என்றாலும் வானம் கறுத்தால் மனம் களத்துமேட்டுக்கு ஓடிவிடுகிறது. நெற்குவியலை மூடிய தார்ப்பாயின் விளிம்புக்குள் நானும் அண்ணனும் புகுந்துகொள்வோம். கல் வைத்த ஓரங்கள் காற்றில் படபடக்கும், ஒரு சொட்டும் உள்ளே வராது. சந்தையில் அப்பா அதை விரித்து, வெயிலுக்கு எதிரே பிடித்து, ஓட்டை பார்த்து வாங்குவார்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க, இங்கே 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர். ஆகவே பற்றுச்சீட்டையும் தையலின் படங்களையும் இணைத்துப் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, “வர்ற ஆள்கிட்ட தார்ப்பாய் ஒண்ணு குடுத்து விடவா?” என்று கேட்டார்.