ஈராசிரியர் பள்ளிக்குக் கணக்குப் பெட்டி: ஜூலை நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். வகுப்போ ஐந்து. ஆசிரியர் ஒரு வகுப்போடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் தாமாகவே வேலை பார்த்தாக வேண்டும். அதற்கு அவர்கள் கையில் பொருள் வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, பிள்ளை ஏணிப்படி போல ஒவ்வொன்றாகத் தானே செய்து ஏறும் அட்டைகளை நம்பியதன் காரணமும் இதுவே. அட்டை ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி போனது போல. அதனால் கணக்குப் பாடம் நடத்த வகுப்பில் வைக்கும் பெட்டிக்கான பொருள்களைப் பொறுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது: இது தொலைந்தால் நாளைக்கே ஊருக்குள் கிடைக்குமா?

8 ஜூலை

தென்னை ஈர்க்குக் குச்சி. 1 முதல் 3ஆம் வகுப்பு வரை மொத்தம் 18 பிள்ளைகள் என்றால் மூவருக்கு ஒரு செட், ஆக 6 செட். செட்டுக்கு 100 குச்சி. உடைவதற்கென்று 60 கூடுதல். ஒரு ஈர்க்கின் அடிப்பக்கம் 60 செ.மீ. மட்டும் எடுத்தால் 12 செ.மீ. நீளத்தில் ஐந்து துண்டு வரும். எனவே 132 ஈர்க்கு போதும். நுனியைக் கழித்துவிடுங்கள், இரண்டே நாளில் ஒடியும். பச்சை ஈர்க்கை நறுக்கக் கூடாது. காயக் காயச் சுருங்கும், கட்டு தொளதொளவென்று ஆகி குச்சிகள் நழுவும். மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டு நறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. கத்தரிக்கோல் பட்டால் முனை பிளந்து சிலாம்பு ஏறும். கட்டிங் பிளேயரால் வெட்டி, முனைகளைச் சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்க வேண்டும்.

கட்டுவதற்குச் சாதா ரப்பர் பேண்ட் வேண்டாம். நம் வெயிலுக்கு ஒரு மாதத்தில் பிசுபிசுத்து அறுந்துவிடும். பிள்ளைகள் தலைக்குப் போடும் துணி சுற்றிய சின்ன ரப்பர் நீண்ட நாள் உழைக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலுக்கும் வசப்படுகிறது. செட்டுக்குப் பத்து.

10 ஜூலை

பத்துக் கட்டுகளை ஆசிரியரே கட்டி வைப்பது பெரிய பிழை. கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் பாடம். 47உடன் 38ஐக் கூட்டச் சொன்னால் 715 என்று எழுதும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. ஏழும் எட்டும் பதினைந்து, நாலும் மூன்றும் ஏழு. அந்தப் பிள்ளை கூட்டியதில் தவறே இல்லை. பதினைந்து உதிரிக் குச்சியைக் கையில் கொடுத்தால் பத்தைக் கட்டித் தள்ளிவைக்கும், ஐந்து மிஞ்சும். கட்டுகளை எண்ணினால் எட்டு. 85.

கழித்தலில் இது இன்னும் துலங்கும். 52இலிருந்து 27ஐ எடுக்கச் சொன்னால் உதிரி இரண்டுதான் இருக்கும். ஏழு வேண்டும் என்றால் ஒரு கட்டை அவிழ்த்தே தீர வேண்டும். ‘கடன் வாங்கு’ என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்தச் சொல் அங்கே தேவைப்படுவதே இல்லை. கடையில் விற்கும், பத்தைக் குறிக்கும், உடைக்க முடியாத பிளாஸ்டிக் பட்டைகளை இதனால்தான் முதல் இரண்டு வகுப்புக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

14 ஜூலை, திங்கள்

நம் எண்பெயர்களில் ஒரு மேடு உண்டு. தொண்ணூறு என்று காதில் விழும்போது ‘நூறு’ கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’. சொல்வதெழுதுதலில் இந்த இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கி விழுபவர்களைக் கவனக்குறைவு என்று அதட்டுவது அநியாயம். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் காதுக்கு உண்மையாக இருப்பதால் வருவதே.

மருந்து, இடமதிப்பு அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் தடிமனாகவும் வெள்ளையாகவும் இருக்கும். வீட்டுக்கு நாலு கேட்டால் சேர்ந்துவிடும். உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. அகலம் ஒன்றுகளுக்கு 5, பத்துகளுக்கு 10, நூறுகளுக்கு 15 செ.மீ. வகைக்கு ஒன்பது வீதம் (1 முதல் 9, 10 முதல் 90, 100 முதல் 900) செட்டுக்கு 27 அட்டை. 900இன் மேல் 90, அதன் மேல் 3, மூன்றையும் வலது ஓரம் சேர்த்து அடுக்கினால் 993. ஒவ்வோர் இலக்கமும் தன் 5 செ.மீ. கட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். அளவு அரை செ.மீ. பிசகினாலும் அடியிலுள்ள சுழி எட்டிப் பார்க்கும், பிள்ளை குழம்பும். தகரத்தில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு எல்லா அட்டையையும் அதை வைத்தே வரைவது நல்லது.

15 ஜூலை

அட்டையின் பின்புறம் செட் எண் போடவும். இல்லாவிட்டால் ஆறு செட்டும் ஒரே குவியல்.

18 ஜூலை, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. சன்னலோரம் விரித்த அட்டை காற்றில் பறக்கும். சுவரோரத் தரையில், சோற்றுத் தட்டில் வைத்து அடுக்கச் சொல்லலாம்.

சுவரில் பிள்ளைகள் எழுதும் கீழ்மட்டக் கரும்பலகைக்கும் இப்போதே பூச்சுப் பார்க்க வேண்டும். 120 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்து, கரும்பலகைக்கென்றே விற்கும் பெயிண்ட் இரண்டு பூச்சு. மிஞ்சிய பளபளப்புக் கறுப்பு எனாமலை அடித்தால் சாக்பீஸ் வழுக்கும், எழுத்து ஏறாது. காய்ந்தபின் உடனே எழுதாமல், சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் முதலில் எழுதியது நிழலாகத் தங்கிவிடும்.

25 ஜூலை, வெள்ளி

வாரக் கடைசி எண்ணிக்கை, பத்து நிமிடம். பத்துக் கட்டு கட்டிக் காட்டினால் செட் சரி. கடைசிக் கட்டில் ஏழுதான் என்றால் மூன்று குறைவு. குழுவே எண்ணி, டப்பா மூடியில் ஒட்டிய தாளில் எழுதும். குறைந்ததற்குத் திட்டு கிடையாது. கூடுதல் 60இலிருந்து எடுத்து நிரப்ப வேண்டியதுதான். திட்டத் தொடங்கினால் பிள்ளைகள் தொடவே பயப்படுவார்கள், பெட்டி பீரோவுக்குப் போய்விடும். கூடுதல் குச்சி 20க்குக் கீழே இறங்கும்போது அடுத்த ஈர்க்கை வெயிலில் போட வேண்டும்.