மருந்தை மூன்றே வாரத்தில் நிறுத்தியதால் நேர்ந்தது

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு மாலை, தில்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டில், இரண்டே கால் வயது மகள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் விறைத்து நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது. மலம் கழிக்க முக்குகிறாள் என்று நினைத்து, “முக்கு ராசாத்தி, வந்துரும்” என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முக்கவில்லை, வந்ததை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது இரண்டு மாதம் கழித்து மருத்துவர் சொன்ன பிறகே எங்களுக்குப் புரிந்தது. மலச்சிக்கலால் இதே நிலையில் தவிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக, நாங்கள் கடந்து வந்ததைத் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

தொடக்கம் சாதாரணமானதுதான். குளிர் ஏற ஏற அவள் தண்ணீர் குடிப்பது குறைந்தது. பால் மட்டும் குறையவில்லை. டோக்கன் பாலை (பால் கடை இயந்திரத்தில் பாத்திரத்தில் பிடித்து வரும் பால்) காய்ச்சிக் காலை, மதியம், இரவு என ஒவ்வொரு முறையும் 240 மில்லி கொடுத்து வந்தோம்; அதாவது நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டதால் சோறும் காயும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. போதாக்குறைக்கு அந்த மாதம்தான் டயப்பரை விட்டுக் கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கியிருந்தோம். தில்லிக் குளிரில் அந்த இருக்கை பனிக்கட்டியாக இருக்கும். ஒரு நாள் கெட்டியாக வந்த மலம் ஆசனவாயைக் கிழித்துச் சிறிது இரத்தமும் வந்தது. அன்றிலிருந்து அவள் அடக்கத் தொடங்கினாள்.

நான்கு நாட்கள் ஆகியும் போகாதபோது, திருநெல்வேலியிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னபடி வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தேன். அன்று மலம் வந்தது உண்மை. ஆனால் அடுத்த வாரம் அவளைத் துணி மாற்றப் படுக்கவைத்தாலே அலறினாள். எத்தனையோ தலைமுறை அம்மாக்கள் அன்போடு செய்த கைவைத்தியம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஏற்கெனவே வலிக்கு அஞ்சி அடக்குகிற குழந்தைக்கு, அதே இடத்தில் இன்னொரு பயத்தை அது சேர்த்துவிட்டது.

ஜனவரியில் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். பிறந்து முதல் இரண்டு நாளுக்குள் கரும்பச்சை மலம் போனாளா, எடை ஒழுங்காக ஏறுகிறதா, பச்சையாக வாந்தி எடுத்தாளா, வயிறு உப்பியே இருக்கிறதா, நடையில் தளர்ச்சி உண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டார். இவற்றில் ஏதேனும் கோளாறு இருந்தால் குடல் நரம்புக் குறைபாடு போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும் என்றும், எங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இல்லாததால் ஸ்கேன் தேவையில்லை என்றும் சொன்னார். பிறகு வயிற்றின் இடப்புற அடிப்பகுதியில் என் விரல்களை வைத்து, உள்ளே உருண்டையாகத் திரண்டிருந்ததைத் தொட்டுணரச் செய்தார்.

அவர் தந்த விளக்கம் எளிமையானது. பெருங்குடலின் வேலைகளில் ஒன்று மலத்திலிருந்து நீரை உறிஞ்சுவது, எவ்வளவு நேரம் அடக்குகிறாளோ அவ்வளவுக்கு மலம் இறுகும், இறுகியது வலிக்கும், வலித்தால் மறுபடியும் அடக்குவாள். இது வாரக்கணக்கில் நீடித்தால் மலக்குடல் விரிந்து, ‘வருகிறது’ என்ற உணர்வே மழுங்கிவிடும். ஆகவே முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும், பிறகு மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கும்வரை பல மாதங்கள் மலத்தை இளக்கமாகவே வைத்திருக்க வேண்டும் என்றார். எடைக்கேற்ற அளவில் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைத் தண்ணீரில் கரைத்து, முதல் சில நாட்கள் கூடுதலாகவும் பின்னர் குறைந்த அளவில் தினமும் கொடுக்க எழுதித் தந்தார். அந்த மருந்து குடலைத் தூண்டுவதில்லை, மலத்தில் நீரைத் தக்கவைக்கிறது. உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது.

சனிக்கிழமை தொடங்கினோம். திங்கட்கிழமைக்குள் வயிறு காலியாகி, மாதக்கணக்கில் பார்க்காத பசியோடு அவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். நாங்கள் பெருந்தவறு செய்தது இதற்குப் பிறகுதான். மூன்று வாரம் எல்லாம் சீராக இருந்தது. “மருந்து பழக்கமாகிவிடும், பிறகு அது இல்லாமல் போகவே மாட்டாள்” என்று உறவினர் பலரும் சொல்ல, எங்களுக்கும் அந்த அச்சம் இருந்ததால் நாங்களாகவே நிறுத்திவிட்டோம். பத்து நாளில் அவள் மறுபடியும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அடுத்த சில நாட்களில் ஜட்டியில் நீராகக் கறை படியத் தொடங்கியது. அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பழங்களை நிறுத்தி ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தோம். உண்மையில் அது இறுகிக் கிடந்த மலத்தின் ஓரமாகக் கசிந்த நீர்மலம். மலச்சிக்கலுக்கு மேல் மலச்சிக்கலைக் கூட்டியிருக்கிறோம் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் கொஞ்சமல்ல.

இரண்டாவது முறை மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. குறைந்தது இரண்டு மாதங்கள் தொடர வேண்டும், அதிலும் தொந்தரவே இல்லாத ஒரு முழு மாதத்தைப் பார்த்த பிறகே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும், இந்த மருந்துக்குக் குடல் பழகிப்போவதில்லை, பாதியில் நிறுத்துவதுதான் நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். வலியே இல்லாமல் போகும் நாள்வரை கழிப்பறைப் பயிற்சியை ஒத்திவைத்து டயப்பருக்கே திரும்பச் சொன்னார். இரண்டு வயதுப் பிள்ளையைப் பின்னுக்குக் கொண்டுபோகிறோமே என்று தயங்கினேன். ஆனால் அவளது இறுக்கத்தைத் தளர்த்தியது முதலில் இதுதான்.

பாலை 400 மில்லிக்குக் குறைத்து, பாட்டிலை விட்டுத் தம்ளருக்கு மாறினோம். முதல் நான்கு நாள் அழுதாள், ஐந்தாம் நாள் சாதத்துக்கு வாயைத் திறந்தாள். தில்லிக் குளிர்காலம் இதற்கு உதவியாகவே இருந்தது: விதை நீக்கி மசித்த கொய்யா, பருப்போடு கடைந்த பத்துவா கீரை, தெருமுனையில் தணலில் சுட்டுத் தரும் சக்கரவள்ளிக் கிழங்கு, இரவில் ஊறவைத்த உலர் திராட்சை. தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுத்தோம், நீர்த்த ரசத்தை விரும்பிக் குடித்தாள். இவை மருந்துக்குத் துணையே தவிர மாற்றல்ல. மலம் தேங்கிக் கிடக்கும் குழந்தைக்குக் கீரையையும் தண்ணீரையும் திணித்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

மார்ச்சில், அவளாகவே கேட்ட பிறகு, இருக்கைக்குத் திரும்பினோம். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் இயல்பாகவே அசையத் தொடங்குவதால், காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் பின் ஐந்து நிமிடம் உட்காரவைத்தோம். கால் தொங்கினால் குழந்தையால் சரியாக முக்க முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மணைப் பலகையை அவள் காலடியில் போட்டதும் முழங்கால்கள் இடுப்புக்கு மேலே உயர்ந்து, குந்தி உட்காரும் நிலை வந்தது. மலம் வந்தாலும் வராவிட்டாலும், உட்கார்ந்ததற்காகவே பாராட்டினோம். தினசரி நாட்காட்டித் தாளில் மலம் போன நாளையும் அதன் தன்மையையும் குறித்து வைத்தேன். அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்தது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான்.

ஜூனில் குறைக்கத் தொடங்கி ஆகஸ்ட் இறுதியில் மருந்தை நிறுத்தினோம். தீபாவளிக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போனபோது, இரண்டு இரவு ரயிலில் அடக்கிவிடுவாளோ என்று பயந்து, மருத்துவரைக் கேட்டு அந்தத் தூளையும் அவளுடைய பிளாஸ்டிக் இருக்கையையும் எடுத்துச் சென்றோம். தூளைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும், எதிர் இருக்கையில் இருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “அம்மா, வருது” என்று அவளே உரக்கச் சொன்னாள்.