கூடைப்பந்தும் புடவையும்

"அந்த அக்கா முதல்ல நல்லாத்தானே விளையாடினாங்க, இப்ப ஏன் தோத்துட்டாங்க?"

டிவியில் 'குச் குச் ஹோதா ஹை'. கேட்டது அண்ணன் மகள்.

1998இல் வந்த இந்திப் படம். கல்லூரியில் குட்டை முடி, விளையாட்டு உடையோடு கஜோல் கூடைப்பந்தில் ஷாருக்கானைத் தோற்கடிப்பார். அப்போது வெறும் தோழி. எட்டு வருடம் கழித்து நீள முடி, புடவை. ஆட்டத்தில் தலைப்பு நழுவுகிறது, வெற்றியும் நழுவுகிறது. காதல் மட்டும் வந்துவிடுகிறது!

அதைவிட உறுத்துவது இன்னொரு காட்சி. ஷாருக்கான் காதலிக்கும் ராணி முகர்ஜி மாதிரி அலங்காரம் செய்துகொண்டு கஜோல் கல்லூரிக்கு வருவார். எல்லோரும் சிரிப்பார்கள். பெண் மாதிரி இல்லாவிட்டாலும் கேலி, இருக்க முயன்றாலும் கேலி.

ராணிக்கும் சலுகை இல்லை. குட்டை உடை போட்டவர், பக்திப் பாடலைப் பாடிக் காட்டிய பிறகுதான் 'நல்ல பெண்'. (ஷாருக்கானுக்கு எந்தத் தேர்வும் கிடையாது. கழுத்தில் 'கூல்' என்று ஒரு சங்கிலி தொங்கினால் போதும்.)

படத்தின் பாலினப் பார்வை தவறு என்று இயக்குநர் கரண் ஜோஹரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். சரி.

ஆனால் முடி வெட்டிய பெண் அப்படியே காதலிக்கப்படலாம், ஏன், அவளுக்கு இன்னொரு பெண்மேலேயே காதல் வரலாம் என்பதெல்லாம் அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.